பயிற்சி தாய்க்கு, பொறுப்பு யாருக்கு?



ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ, விசைத்தறிக் கூடத்திலே இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையிலே வீடு திரும்புகிறாள். படுக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை எழுப்புகிறாள். முகம் கழுவி விடுகிறாள். இடுப்பிலே தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி நடக்கிறாள். இரண்டு பேருந்து மாறி, நகரத்திலே இருக்கிற பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயிற்சி. வாரத்துக்கு ஒரு நாள். கட்டணம் ஒருபுறம், பேருந்துக் காசு ஒருபுறம், கண் விழித்த அசதி ஒருபுறம். புறப்படும் வேளையிலே அங்குள்ளவர் சொல்கிறார்: "இங்கே செய்வது மட்டும் போதாதம்மா. வீட்டிலே நீங்கள் தொடர்ந்து செய்தால்தான் பலன் தெரியும்."

எதைச் செய்வது? எப்படிச் செய்வது? அதைச் சொல்லித்தர நேரமில்லை. அடுத்த பிள்ளை வாசலிலே காத்திருக்கிறது.

அந்தப் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்பதில்லை. குடத்தை விரல் நீட்டிக் காட்டுவதுமில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தின்மேல் வைக்கிறது. சோடா மூடிகளை வரிசையாக அடுக்குகிறது. ஒன்று விலகினால் வீடு அதிரக் கதறுகிறது. மிக்சி ஓடினால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது. மாமியார் சொல்கிறாள்: "இவன் அப்பனும் மூணு வயசிலேதான் பேசினான்." பக்கத்து வீட்டார் சொல்கிறார்: "நாக்கிலே வசம்பைத் தேய்." இன்னொருவர் வேண்டுதலுக்கு வழி சொல்கிறார். மற்றொருவர், "நீ வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாய், கையிலே கைப்பேசியைக் கொடுத்தாய், அதனால் வந்தது" என்று தீர்ப்பே கூறிவிடுகிறார். ஆண்டு இரண்டு போன பிறகு, மருத்துவர் ஒருவர் அதன் பெயரைச் சொல்கிறார்: ஆட்டிசம்.

இன்று ஒரு புதிய செய்தி வந்திருக்கிறது. அந்தத் தாய் இரண்டு பேருந்து ஏறவேண்டியதில்லை. அவளுக்குத் தேவையான பயிற்சி இணையத்தின் வழியே அவள் கைப்பேசிக்கே வரும். வீட்டிலிருந்தபடியே பெற்றோர் கற்கலாம் என்பது அந்தச் செய்தி. நல்ல செய்தி. வரவேற்கவேண்டிய செய்தி. ஆனால், வரவேற்புக்கு முன்னே கேட்டாகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வி அரசியல் கேள்வி. ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமை அரசியல் ஏட்டிலே அதற்கு இடம் கேட்கிறேன்.

குற்றவாளிக் கூண்டிலே தாய்

முதலிலே வரலாற்றைப் பார்ப்போம். பழியின் வரலாறு அது.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்து, ஆட்டிசத்தைப்பற்றிய முதல் விரிவான கட்டுரையை வெளியிட்டார். பிறவியிலேயே அமைந்த தன்மை இது என்று எழுதிய அதே மருத்துவர், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிலே பலர் பாசம் காட்டாதவராயிருக்கக் கண்டதாகவும் எழுதி வைத்தார். போதாதா! அந்தச் சிறு பொறியை ஊதிப் பெருநெருப்பாக்கினர் பின்வந்தோர். பிள்ளை பேசாததற்குக் காரணம் தாயின் நெஞ்சிலே ஈரமில்லாமையே என்றனர். பனிப்பெட்டி போன்ற தாய் என்று பெயரும் சூட்டினர்.

சிகாகோவிலே புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். இட்லரின் வதைமுகாமிலே சிறைப்பட்டிருந்தவர் அவர். அந்த முகாம்களிலே மனிதர் உள்ளொடுங்கிப் போனதைக் கண்டவர். அத்தகைய முகாமோடு ஒப்பிட்டார், இந்தப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டை! தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதே மருந்து என்றார். படித்தவர் சொன்னார், ஏடுகள் எழுதின, உலகம் நம்பிற்று. ஏற்கெனவே உடைந்து கிடந்த தாய், குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட்டாள்.

அந்தக் கூண்டை உடைத்தவர் யார்? பெற்றோர்தாம்.

பெர்னார்டு ரிம்லாண்ட் என்பவர் அமெரிக்கக் கடற்படையிலே பணிபுரிந்த உளவியல் அறிஞர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. நூலகம் நூலகமாகத் தேடி, தாய்மீது சாட்டப்பட்ட பழிக்குச் சான்று எதுவுமில்லை என்று காட்டி, 1964ஆம் ஆண்டு நூல் எழுதினார். மறு ஆண்டே பெற்றோரைத் திரட்டிச் சங்கம் கண்டார். அதற்கும் முன்பே, 1962ஆம் ஆண்டு இலண்டனிலே பெற்றோர் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவர் லோர்னா விங். மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். 1969ஆம் ஆண்டு, அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்துக்கே வந்து, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார் முதியவர் கானர். செய்யாத குற்றத்துக்குக் கால் நூற்றாண்டுத் தண்டனை, பிறகு விடுதலை!

இன்று அறிவியல் தெளிவாகச் சொல்கிறது: ஆட்டிசம் வளர்ப்பினால் வருவதன்று, மூளை வளரும் போக்கிலே அமைவது, மரபணுக்களுக்கு அதிலே பெரும் பங்குண்டு. தடுப்பூசியால் வருவதுமன்று. 1998ஆம் ஆண்டு 12 பிள்ளைகளை மட்டும் வைத்து இங்கிலாந்திலே அப்படியொரு கட்டுரை வெளியிடப்பட்டது. அதை வெளியிட்ட மருத்துவ ஏடே 2010ஆம் ஆண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகிலே 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கிளைகளிலே, நம் தெருக்களிலே, நம் உறவினர் வீடுகளிலே அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் காணவில்லை என்றால், அவர்கள் கதவுக்குப் பின்னே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே பொருள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் நாட்டு அரசு ஆவணங்களிலே ஆட்டிசத்துக்குத் தமிழிலே எழுதப்பட்டு வந்த பெயர் என்ன தெரியுமா? "புற உலகச் சிந்தனையற்றோர்!" மிக்சி ஒலி கேட்டுக் காதைப் பொத்துகிற பிள்ளைக்கா புற உலகச் சிந்தனையில்லை? நமக்குக் கேட்காத ஒலியும் அதற்குக் கேட்கிறது; நாம் காணாத ஒழுங்கும் அதற்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளையைப்பற்றிச் சிந்திக்காத புற உலகத்துக்கல்லவா அந்தப் பெயர் பொருந்தும்! "ஊனமுற்றோர்" என்ற சொல்லை நீக்கி "மாற்றுத்திறனாளிகள்" என்று அழைக்கக் கற்றுக்கொண்ட தமிழகத்துக்கு, இந்தச் சொல்லையும் தள்ளிவிடத் தெரியாதா?

பயிற்சி என்பது யாது?

பழி சுமந்த பெற்றோரே பயிற்சியாளரானது எப்படி? இதுவும் அறியவேண்டிய வரலாறு.

எரிக் ஷாப்ளர் என்ற உளவியலார் சிகாகோவிலே கற்றவர்; பெற்றோரைப் பழிக்கும் கொள்கை பரப்பப்பட்ட இடத்திலேயே இருந்து, அதைக் கண்டு வெகுண்டவர். வட கரோலினா மாநிலத்துக்குச் சென்று, பெற்றோரை எதிரியாக அன்று, கூட்டாளியாகக் கொண்டு பணி செய்தார். பிள்ளையை முழுதும் அறிந்தவர் பெற்றோர்; பயிற்சி முறையை அறிந்தவர் நிபுணர்; இருவரும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும் என்றார். பலன் தெரிந்தது. அப்போது பெற்றோர் என்ன செய்தனர்? வாழ்த்துச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டனரா? இல்லை. சட்டமன்றத்தின் கதவைத் தட்டினர். 1972ஆம் ஆண்டு, அந்த மாநிலத்துச் சட்டமன்றமே அதை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக்கிற்று. பொதுப் பணத்திலே நிலையங்கள், பொதுப் பள்ளிகளிலே வகுப்பறைகள்!

தோழர்களே, இதை நெஞ்சிலே பதித்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குப் பயிற்சி என்ற கருத்து வளர்ந்த இடத்திலே, "பெற்றோர் பார்த்துக்கொள்வர், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம்" என்று எவரும் சொல்லவில்லை. பெற்றோரின் கையும் அரசின் கையும் சேர்ந்தே நீண்டன.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா? பொருந்தும் என்பதற்குச் சான்றுண்டு. இங்கிலாந்திலே 152 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2010ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தது. தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடங்கள் படம் பிடித்து, பயிற்றுநர் அந்தப் படத்தைத் தாயோடு உட்கார்ந்து பார்த்து, "இதோ, இந்த இடத்திலே பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்த்தான், நீங்கள் காத்திருந்தீர்கள், அதனால் பார்த்தான்" என்று எடுத்துக்காட்டுவதே அந்த முறை. குறை சொல்வதில்லை, தாய் செய்த நல்லதைத் தாய்க்கே காட்டுவது! உடனடிப் பலன் அளவிலே சிறிதாகத்தான் இருந்தது. ஆனால், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகளிடம் ஆட்டிசத்தின் கடுமை ஒப்பீட்டிலே குறைந்திருக்கக் கண்டனர்.

அந்த முறையை நம் மண்ணுக்கேற்ப மாற்றி, இந்தியாவிலே கோவாவிலும், பாகிஸ்தானிலே இராவல்பிண்டியிலும் செய்து பார்த்தனர். 65 பிள்ளைகள், 12 அமர்வுகள். பயிற்சி தந்தவர் மருத்துவரல்லர். சிறப்புப் பட்டம் பெற்ற நிபுணருமல்லர். முறையாகப் பழக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்! 2016ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பேசக் கற்றனர். பிள்ளைகள் தாமாகவே முன்வந்து பெற்றோரை நாடுவது கூடிற்று. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் கிடைத்துவிடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினர். எல்லைக்கோட்டின் இரு புறமும் பீரங்கிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, இரு நாட்டுத் தாய்மாரும் ஒரே பாடத்தைக் கற்றனர் என்பது, எண்ண எண்ண இனிக்கிற செய்தியன்றோ!

உலக சுகாதார நிறுவனமும் இதற்கென்று ஒரு பயிற்சி வகுத்திருக்கிறது. 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 9 குழு அமர்வுகள்; 3 முறை வீடு தேடி வருதல். 2022ஆம் ஆண்டு, அதை இணைய வழியாகவே கற்க ஏற்பாடு செய்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கிலே பயிற்சி நிலையங்களெல்லாம் பூட்டப்பட்டு, பிள்ளைகள் நான்கு சுவர்களுக்குள்ளே தவித்தபோது, திரையின் வழியே பயிற்றுநரும் தாயும் சந்தித்த அனுபவம் அதற்கு வழி திறந்துவிட்டது.

பாடம் என்ன? அது வானத்து வித்தையன்று. பிள்ளை தாயின் கையைக் குடத்தின்மேல் வைத்தால், உடனே மொண்டு கொடுத்துவிடாதே. அதன் கண்ணுக்கு நேரே குனிந்து உட்கார். டம்ளரைக் கையிலே எடுத்துக்கொண்டு சற்றுக் காத்திரு. "தண்ணி" என்று ஒரே ஒரு சொல் சொல். பிள்ளை ஒரு பார்வை பார்த்தாலும், ஓர் ஒலி எழுப்பினாலும், கை நீட்டினாலும் அதையே பேச்சாக ஏற்றுக்கொண்டு தண்ணீர் கொடு. மூடிகளை அடுக்குகிற பிள்ளையிடமிருந்து அவற்றைப் பிடுங்காதே. பக்கத்திலே உட்கார்; நீயும் ஒன்று அடுக்கு; அதன் ஆட்டத்திலே நீ சேர்ந்துகொள். கதறினால் அடம் என்று அடிக்காதே. சொல்லத் தெரியாத ஒன்றைக் கதறிச் சொல்கிறது. என்ன சொல்கிறது என்று தேடு. குளிப்பாட்டுதல், சட்டை மாட்டுதல், துணி மடித்தல், சோறூட்டுதல் ஒவ்வொன்றும் பாடவேளையே. அத்தோடு, தாயே, உன் உடலையும் உள்ளத்தையும் காத்துக்கொள் என்பதும் அந்தப் பாடத்திலே ஒரு பகுதி.

பிள்ளையை ஊருக்கு ஒத்தவனாக உருட்டித் திரட்டுவது இந்தப் பயிற்சியின் நோக்கமாகக்கூடாது. கை அசைத்தால் கையைக் கட்டு, கண்ணைப் பார்க்காவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்பு என்று சொல்லித்தருவது பயிற்சியன்று, அடக்குமுறை. ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் வளர்ந்து, தம் வாழ்வைத் தாமே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். பாடம் வகுக்கும் மேசையிலே அவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.

திரைக்கு எட்டாதவை

"இவ்வளவு நல்லதென்றால், கைப்பேசியிலே ஏற்றிவிட வேண்டியதுதானே? இதிலே எழுப்ப என்ன கேள்வி இருக்கிறது?" என்பர் சிலர்.

இருக்கிறது. அந்தத் தாயிடம் போய்ப் பாருங்கள். வீட்டிலே இருக்கிற கைப்பேசி ஒன்று. அது கணவனோடு வேலைக்குப் போய்விடுகிறது. அவன் இரவு வீடு திரும்பும்போது அவள் தறிக்குப் போகிறாள். பாடம் ஆங்கிலத்திலே இருந்தால் அவளுக்கு விளங்காது. தமிழிலே இருந்தும், மொழிபெயர்ப்பாளர் எழுதிய தமிழாக இருந்தால் அப்போதும் விளங்காது. விளங்கினாலும், கூட இருந்து பார்த்து, "சரியாகத்தான் செய்கிறாய் அம்மா" என்று சொல்ல ஓர் ஆளில்லாவிட்டால், முதல் பாடத்தோடு நின்றுவிடும் பயிற்சி. கோவாவிலும் இராவல்பிண்டியிலும் பலன் தந்தது வெறும் படமன்று. படத்தைத் தாயோடு உட்கார்ந்து பார்த்த மனிதர்! திரை என்பது பாதை. பாதையே வழித்துணையாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலே அது இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்திலே, 21 வகைகளிலே ஒன்றாக ஆட்டிசமும் ஏற்கப்பட்டது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றது அந்தச் சட்டம். நன்று. ஆனால், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அருமையான ஆண்டுகள் எவை? இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! கல்வி உரிமை ஆறு வயதிலே கண் விழிக்கிறது. பிள்ளையின் மூளை ஆறு வயது வரை காத்திருப்பதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டமும், பிள்ளைகளைச் சோதிக்கவும், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைக்கவும் வகைசெய்தது. சோதிப்பதற்கு ஏற்பாடுண்டு; சோதித்துக் கண்டறிந்த பின்? மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து! சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலே 2005ஆம் ஆண்டு முதல் ஒன்றிய அரசின் நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது. நாகர்கோவில் தாய்க்கு அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இணையப் பயிற்சி வேண்டும். ஆனால், இந்த இடைவெளியை மறைக்கும் திரைச்சீலையாக அது ஆகிவிடக்கூடாது. அதுவே நான் எழுப்பும் கேள்வி. நாளைக்கு ஓர் அதிகாரி கணக்கெழுதுவார்: "இத்தனை ஆயிரம் பெற்றோருக்கு இணையத்திலே பயிற்சி தரப்பட்டது, ஆகவே பயிற்றுநர் பணியிடங்கள் தேவையில்லை, மையங்களும் தேவையில்லை." பிறகு பிள்ளை முன்னேறாவிட்டால் யார் மீது பழி? "பயிற்சிதான் கொடுத்தோமே, நீ சரியாகச் செய்யவில்லை" என்று மறுபடியும் தாய்மீது! பெட்டல்ஹைம் வைத்த கூண்டு, கைப்பேசி வடிவிலே வீட்டுக்குள்ளேயே வந்து சேரும்.

பசித்த பிள்ளைக்குச் சோறூட்டுவது தாயின் வேலை என்று தமிழகம் சும்மா இருந்ததா? 1920ஆம் ஆண்டு நீதிக்கட்சியின் காலத்திலே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு தர முடிவெடுத்தது. பின்னர் 1950களிலே காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982ஆம் ஆண்டு சத்துணவாக வளர்ந்தது. 2022ஆம் ஆண்டு காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, கருத்து மாறவில்லை. சமைக்கத் தெரியாததால் அல்ல, சமைக்க வழியில்லாததால் பிள்ளை பசித்திருக்கிறது என்று கண்டுகொண்ட அரசுகள் அவை. தாய்க்குச் சமையல் பாடம் நடத்தி அனுப்பிவிடவில்லை, சோறு போட்டன. இந்தப் பிள்ளையின் பசி பேச்சுப் பசி, உறவுப் பசி. அதற்கும் அதே அறம்தானே?

வழி இல்லையா? வழி இங்கேயே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலே, கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் தளராத ஒருவர், எஸ். இராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து ஊர்ப்புறப் பணியாளர்கள் பிள்ளைகளின் வீடு தேடிப் போகிறார்கள். கையிலே ஒரு செயலி. அதன் வழியே நிபுணர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுகிறார்கள். தாயும் உடனிருந்து கற்கிறாள். நிபுணரின் அறிவு திரையிலே வருகிறது; நம்பிக்கை மனிதர் உருவிலே வருகிறது. ஒரு தொண்டு நிறுவனம் செய்து காட்டியதை, 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் கொண்ட மாநிலத்தால் செய்ய இயலாதா? 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்திலே, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோன தமிழகத்துக்கு, வீடு தேடிப் பாடம் கொண்டுபோகத் தெரியாதா?

கேட்போம், செய்வோம்

ஆகவே, அரசிடம் கேட்போம்.

ஒன்று: பயிற்சி முழுவதும் பேச்சுத் தமிழிலே, நம் வீட்டுக் குடமும் திண்ணையும் தெரியும்படி, ஒலியும் படமுமாக, கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கற்க இயலவேண்டும்.

இரண்டு: பயிற்சி பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பெயரும் முகமும் உள்ள ஒரு வழிகாட்டி வேண்டும், அங்கன்வாடிப் பணியாளரோ சிறப்பாசிரியரோ ஊர்ப்புறப் பணியாளரோ, அவருக்கு உரிய ஊதியத்தோடு. ஏற்கெனவே சுமை தாங்க மாட்டாத அங்கன்வாடிச் சகோதரியின் தலையிலே கூலியில்லாமல் இன்னொரு மூட்டையை ஏற்றுவது நீதியாகாது.

மூன்று: பயிற்சிக்காக இழக்கிற கூலிக்கு ஈடு வேண்டும். பாடம் இலவசம் என்று சொல்லி, பாடம் கேட்கும் நாளின் கூலியைப் பறிப்பது இலவசமாகாது.

நான்கு: இணையப் பயிற்சியைக் காட்டி ஒரு பணியிடமும் குறைக்கப்படக்கூடாது, ஒரு மையமும் மூடப்படக்கூடாது. இதை அரசாணையிலேயே எழுதவேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா, தோழர்களே? முடியாது. நம்மிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது.

ஊர்தோறும் படிப்பகம் கண்டோம். ஏடு வாங்கக் காசில்லாதவர் ஏடு படிக்கவேண்டும் என்று, கீற்றுக் கொட்டகையிலே பெஞ்சு போட்டோம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டினோம். அந்தப் படிப்பகத்திலே ஒரு திரை வையுங்கள். வாரத்திலே ஒரு மாலை, ஆண்கள் வெளித்திண்ணைக்கு வந்துவிட்டு, உள்ளறையைத் தாய்மாருக்கு விடுங்கள். ஐந்து தாய்மார் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருத்தி புரியாததை இன்னொருத்தி சொல்லுவாள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி தோள் கொடுப்பாள். தன் பிள்ளை ஒன்றுதான் இப்படி என்று எண்ணிக் கதவடைத்திருந்தவள், தெருவிலே தலை நிமிர்ந்து நடப்பாள். அந்த நேரத்திலே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நம் இளைஞர்கள் ஏற்கட்டும்.

"பெற்றோர் பயிற்சி" என்று எழுதுகிறோம். பயிற்சிக்கு வந்து உட்காருகிறவள் தாய் மட்டும்! தந்தை எங்கே? பெண்ணுரிமையைப்பற்றி மேடையிலே மணிக்கணக்கிலே முழங்குகிற தோழரே, உம் வீட்டிலே இப்படியொரு பிள்ளை இருந்தால், கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மூடி அடுக்கும் பிள்ளையின் பக்கத்திலே ஒரு மணி நேரம் தரையிலே உட்காருவீரா? அதுவும் கொள்கைப் பணிதான். கைதட்டல் கிடைக்காத கொள்கைப் பணி.

வசம்பு தேய்க்கச் சொல்வோரிடமும், குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்து நகைநட்டை விற்க வைப்போரிடமும், "தாயின் தவறு" என்று பழிப்போரிடமும் உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். பகுத்தறிவு என்பது இல்லாத தெய்வத்தைப்பற்றி வாதிடுவது மட்டுமன்று; இருக்கிற பிள்ளையைப்பற்றி அறிவதுமாகும்.

பேசாத பிள்ளை பேசாமலே ஒரு கேள்வி கேட்கிறது. அந்தத் தாய் காலமெல்லாம் அதற்கு விடை தேடுகிறாள். விடை தேட அவளுக்குக் கைவிளக்குக் கொடுப்போம். இருட்டிலே அவளைத் தனியாக அனுப்பிவிடாமல், உடன் நடப்போம்.

அரசுக்கும் நமக்கும் சேர்த்து இரண்டே சொற்கள்:

கற்றுக்கொடு! கைவிடாதே!